கதினாக்காரன் சொன்ன பேர்கள்

அந்த வருஷம் கார்த்திகை மார்கழியில் மேலக்குளத்துக்கு மழையும் ஓட்டும் சேர்ந்து வந்தன. மழையைப் பற்றி ஊரில் யாருக்கும் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ராஜா போய், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, இனி நீங்கள்தான் ராஜா என்று கட்சிக்காரர்கள் ஜனங்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. பூதப்பாண்டிக்கு வடக்கே, மலையடிவாரத்தில், முழங்கால் சேற்றில் நின்று கும்பப்பூ நெல்லுக்குக் களை பறித்துக்கொண்டிருந்த ராஜாக்கள் நிமிர்ந்து பார்த்து, "அப்பிடியா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்தார்கள்.

ஓட்டுக்கு நின்றவர்கள் இருவர். ஆளுக்கொரு சின்னம், சின்னத்துக்கொரு ஓட்டுப்பெட்டி. நெல் குத்தும் மில் வைத்திருந்த நாராயணபெருமாளுக்குக் குடைப் பெட்டி. நாகர்கோவில் கோர்ட்டில் வழக்காடுகிற யூஜின் வக்கீலுக்கு விசிறிப் பெட்டி. மழை பெய்த நாளில் குடைக்காரர்கள் மட்டும் வீடு ஏறியதும், வெயிலடித்த நாளில் விசிறிக்காரர்கள் மட்டும் வெளியே தலைகாட்டியதும் சத்தியமாக நடந்தவை. அந்த மாதத்தில் வெயிலடித்தது கொஞ்ச நாள்தான் என்பதால் வக்கீலை ஊரில் அதிகம் பார்க்க முடியவில்லை.

வேலை கேட்டாலும், உரம் கேட்டாலும், குளத்து மடையைச் சரிசெய்யக் கேட்டாலும் இருவரும் நாட்டின் பாதுகாப்பைப் பற்றியே பதில் சொன்னார்கள். நாராயணபெருமாள் மேடையில் ஏறினால் இப்படிச் சொல்வார்: "நாட்டுக்கு ஆபத்து, மக்களே! மலைக்கு அந்தப்பக்கம் ஆபத்து, கடலுக்கு அந்தப்பக்கம் ஆபத்து. ஆபத்தைக் கையோட புடிச்சாச்சுன்னா அதுக்கு எலை போட்டு அவியலா வெளம்ப முடியும்? உள்ள வச்சு நாலு சாத்து சாத்தினாத்தான் உண்மை வெளிய வரும்."

யூஜின் வக்கீலுக்கு அச்சடித்த தமிழ். "மனிதனை மனிதன் அடிப்பது காட்டுமிராண்டித்தனம். என் உயிர் உள்ளவரை அதை எதிர்ப்பேன்," என்பார். முன்வரிசையில் யாராவது நிலக்காரர் தொண்டையைக் கனைத்தால், "அவசியப்பட்டாலொழிய" என்று சேர்த்துக்கொள்வார்.

இந்த ஆபத்து, மலைக்கு அந்தப்பக்கமும் கடலுக்கு அந்தப்பக்கமும் காத்துக் கிடந்த ஆபத்து, கடைசியில் வந்து சேர்ந்த இடம் செல்லக்கனியின் வீடு.

செல்லக்கனியின் புருஷன் பகவதியப்பன் கதினாக்காரன். கதினா என்றால் கனத்த இரும்புக் குழல். தூக்க ஒரு கை போதாது. உள்ளே கரிமருந்து போட்டு, மேலே செங்கல்பொடியைக் கெட்டித்து, அடியிலுள்ள துளையில் தீ வைத்தால் மலையில் மோதித் திரும்பும்படி ஒரு சத்தம் வரும். சத்தம் மட்டும்தான் வரும். இந்த விஷயத்தில் அது அபேட்சகர்களைப் போன்றது என்றாலும், கதினா ஒருமுறை வெடித்தால் அடுத்தமுறை நிறைக்கும்வரை சும்மா இருக்கும். சுற்றுவட்டக் கோயில்களில் பகவதியப்பனின் கதினா வெடிக்காமல் சாமி எழுந்தருளியதில்லை. அவன் அம்மை விளையாடிப் படுத்திருந்த ஒரு வருஷம் சாமி வாகனத்திலேயே உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்தார் என்று சொல்வதுண்டு.

விடாத மழையில் இரும்பு துருப்பிடித்தது. ஒருநாள் காலை மேகம் விலகி வெயில் முகம் காட்டவும், பகவதியப்பன் கதினாக்களை எண்ணெய் தடவித் துடைத்து, ஊர் முகப்பில் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தான். வெயில் முதலில் விழுகிற இடம் அதுதான். ஈரம் உள்ளே வரை காயவேண்டுமே என்று வாயெல்லாம் கிழக்குப் பார்க்க வைத்தான். பூதப்பாண்டி ரோடு வளைந்து கிழக்கிலிருந்துதான் ஊருக்குள் வருகிறது. அன்றைக்குத்தான் அந்த ரோட்டில் மந்திரி வருவதாக இருந்தது. மாட்டாஸ்பத்திரி ஒன்றைத் திறந்துவைக்க.

மந்திரிக்கு முன்னால் வழி பார்க்க இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. வளைவு திரும்பியதும் இன்ஸ்பெக்டர் கண்டது, தம்மை நோக்கி வாய் பிளந்து நிற்கும் பீரங்கி வரிசை. அதன் பின்னால் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டிய ஒருவன், கையில் எண்ணெய்த் துணியோடு சிரித்துக்கொண்டே கும்பிட்டான். டிரைவர் ஜீப்பைப் பின்னால் எடுத்தான். ரோடு தீர்ந்துபோனது அவனுக்குத் தெரியவில்லை. ஜீப்பும் இன்ஸ்பெக்டரும் நாட்டின் பாதுகாப்பும் நாராயணபெருமாளின் வயலில் ஒன்றாகப் போய் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்தபோது மார்புவரை சேறு. தொப்பிக்குள் ஒரு தவளை இருந்தது. அதையும் சாட்சியாகச் சேர்த்தார்கள் என்று சிலர் சொல்வது பொய். போலீஸ் டேஷனில் தகப்பன் பேர் இல்லாமல் யாரையும் சேர்க்கமாட்டார்கள்.

மந்திரி வேறு வழியாகப் போய், ஒரு கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். தம்மைக் கொல்ல ஒரு சதி நடந்தது அவருக்கு மறுநாள்தான் தெரியும். பகவதியப்பனுக்குச் சதி அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக் கொண்டுபோனார்கள்.

செல்லக்கனி அவல் இடிப்பவள். மூணு நாள் ஊறிய நெல்லை அள்ளி, அடுப்பில் மண்சட்டியைக் காயவைத்து வறுத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டி இடிக்கவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நொறுங்கிக் குருணையாகிவிடும். புருஷனைக் கொண்டுபோன செய்தி வந்தபோது சட்டியில் நெல் பொரிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு டேஷனுக்கு ஓடினாள். உள்ளே விடவில்லை. திரும்பி வந்து கருகிய நெல்லைக் கோழிக்குப் போட்டாள்.

மறுநாள் காலை ஏட்டு நேரே வீட்டுக்கு வந்தார். பெரிய மீசைக்காரர், வாசலில் நின்று பேசவே கூச்சப்படுபவர்போல இருந்தார்.

"ஏமானே, அவுக எப்பிடி இருக்காவ?"

"இருக்கான், இருக்கான். சொகமா இருக்கான். ஒன்கிட்ட உலக்கை ஒண்ணு இருக்குமாட்டி? நல்ல கனம் உள்ளது. டேஷன்ல கெடந்தது முறிஞ்சு போச்சு."

டேஷனில் உலக்கை எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. அவலோ மாவோ இடிப்பார்கள், இடித்தால் தின்பார்கள், தின்றால் மனசு இளகும் என்றுதான் தோன்றியது. இரண்டு உலக்கை இருந்தன. அதில் நல்லதை, புளியமர வைரத்தில் கடைந்து பித்தளைப்பூண் போட்டதை, தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். ஏட்டு அதைத் தோளில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்று உச்சிக்கு மேலே அவளைச் சோற்றோடு உள்ளே விட்டார்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கும், சாளைமீன் புளிக்கறியும், ஒரு பிடி சம்பாச் சோறும் கொண்டுபோயிருந்தாள். பகவதியப்பன் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தான். சாரம் தொடைமேல் இறுகிக் கிடந்தது. உள்ளே தொடை இரண்டு மடங்கு இருந்தது.

"கை மடங்கல்ல ஏட்டி. நீ வாயில வச்சுத் தா."

அவள் மீனை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். "என்னத்தச் செஞ்சானுவ?"

"உலக்கையத் தொடைமேல குறுக்க வச்சு, அந்தப்பக்கம் ஒருத்தனும் இந்தப்பக்கம் ஒருத்தனும் ஏறி நிண்ணு உருட்டுகானுவ." மென்று விழுங்கினான். "ஏட்டி, சொன்னாச் சிரிப்ப. அந்த உலக்கை நம்ம உலக்கை மாதிரியே இருந்திச்சு. பூணுல ஒரு நெளிவு உண்டும்லா? அது வாறப்பம் மட்டும் தனியாத் தெரியுது."

செல்லக்கனியின் கை சோற்றுக்குள்ளேயே நின்றது. பிறகு அடுத்த உருண்டையை உருட்டி அவன் வாயில் வைத்தாள்.

"நம்ம உலக்கை வீட்டுல கெடக்கு. நீங்க தின்னுங்கோ."

"பேரு கேக்கானுவ. யாரு சொல்லி வச்சே, யாரு சொல்லி வச்சேன்னு. வெயிலு சொல்லிச்சுன்னேன். அதுக்கு அடிச்சானுவ. சாமிக்குத்தானே இத்தன வருசமும் வச்சிருக்கேன்னு கோயில்ல இருக்க பூதலிங்கம் பேரச் சொன்னேன். அவனுவ போயி முடிவெட்டுக பூதலிங்கத்தப் புடிச்சுக் கொண்டாந்துட்டானுவ. அந்தா கெடக்கான்."

மூலையில் ஒரு கோணிச்சாக்கு அசைந்தது. "கொள்ளாம் அண்ணே," என்றது.

"மன்னிச்சுக்கடே பூதலிங்கம்," என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, பகவதியப்பன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு வாறப்பம் சோத்தோட ரெண்டு பேரு கொண்டா ஏட்டி. சொல்லிப்போட்டா விட்டுருவானுவ. எனக்கு ஒரு பேரும் ஓர்மை வரமாட்டங்கு. நம்ம ஊர்க்காரங்க வேண்டாம். பாவம், அடி தாங்க மாட்டாவ."

வெளியே வந்தவளை ஏட்டு பின்தொடர்ந்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்குவாளியைப் பார்த்துப் பேசினார். "இன்ஸ்பெக்டர் ஏமானுக்கே இது வலிய வெசனமாட்டு இருக்கு. எலக்‌ஷன்ல யாரு ஜெயிப்பான்னு தெரியல்ல. தெரிஞ்சா விடவா கோர்ட்டுக்கு அனுப்பவான்னு ஒரு முடிவு எடுத்திரலாம். அதுவரைக்கும் அடிக்காம இருந்தா நாளைக்கு மேல இருந்து கேப்பாவ. ஓட்டுக்கு நிக்க ரெண்டு பேருல ஒரு ஆளு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேட்டியா."

"ஏமானே, உலக்கை முறியாம இருக்கா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

ஏட்டு திரும்பி உள்ளே நடந்தார்.

கோட்டாற்றுச் சந்தையில் கடை வைத்திருக்கும் மைதீன் கனி அன்று வண்டியோடு வந்திருந்தார். அவலை அவரிடம்தான் போடுவாள். பகவதியப்பன் வெடியுப்பும் கந்தகமும் அவரிடம்தான் வாங்குவான். அந்தப் பயத்தில் சாயிபு வண்டிக்குள்ளே சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, தலையை மட்டும் நீட்டிப் பேசினார்.

"என் பேரச் சொல்லல்லியே தங்கச்சி?"

"இல்ல சாயிபு. ஒங்க பேரு அவுகளுக்கு ஓர்மை வரல்லியாம்."

"அல்லா அந்த மறதிய அவனுக்கு நீட்டிக்கொடுக்கட்டும். ஏறு வண்டியில. ரெண்டு பெரிய மனுசனையும் பாத்துட்டு வருவோம். நான் எறங்க மாட்டேன், கேட்டியா? வண்டியில வெறும் சாக்குன்னு சொல்லு."

நாராயணபெருமாள் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் படுத்து, தொப்பையில் ஒரு துண்டைப் போட்டிருந்தார். செல்லக்கனி முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ சொல்லுகது எல்லாம் செரி ஏட்டி. என் தோப்புல தேங்கா களவு போவுது. காவக்காரன் கையில கம்பு இல்லாம ஒரு தேங்காயக் காப்பாத்த முடியல்ல. ஒரு நாட்டை எப்பிடிக் காப்பாத்த?"

"அவுக வெயிலுல காயவச்சாவ மொதலாளி. ஒங்களுக்கும் தெரியும். ஒங்க மக கல்யாணத்துக்கு அந்தக் கதினாதானே வெடிச்சு?"

"தெரியாம இருக்குமா? நல்ல சத்தம்லா." அவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஏட்டி, நீ என் நெலமய நெனச்சுப் பாரு. இத்தன கூட்டத்துல ஆபத்து ஆபத்துன்னு தொண்ட கிழியச் சொல்லியாச்சு. எங்க ஆபத்துன்னு ஒருத்தன் கேட்டா வெரல் நீட்டிக் காட்டுகதுக்கு என் கையில இருக்கது ஒன் மாப்பிள்ளை ஒருத்தன்தான். அவனையும் விட்டுட்டா நான் என்னத்தக் காட்ட?"

"அவுகளுக்குத் தொடை வீங்கிக் கெடக்கு."

"எலக்‌ஷன் முடியட்டு. நானே எண்ணெய் வாங்கித் தாறேன்." துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். நாட்டின் பாதுகாப்பு உறுதியானதும் குறட்டை கேட்டது.

யூஜின் வக்கீல் அப்படியில்லை. எழுந்து நின்று, முக்காலி போடச் சொல்லி, "உட்காருங்கள் அம்மா," என்றார். வக்கீலம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். செல்லக்கனி குடிக்கவில்லை. ஆனால் அவர் கேட்கக் கேட்க அவளுக்கு நம்பிக்கை வந்தது. யாரும் இதுவரை இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

"எப்படி அடித்தார்கள்? உலக்கையா? பேஷ். ஒருவர் ஏறினாரா, இருவரா? இருவர்! கொடுமை, கொடுமை." குறிப்பு எடுத்துக்கொண்டார். "முகத்தில் ஏதாவது உண்டா?"

"மொகத்துல இல்லய்யா. தொடையிலதான்."

வக்கீலின் முகம் வாடியது. "தொடையிலயா? சே! தொடைய மேடையில காட்ட முடியாதே. பொம்பளைங்க வருவாங்க." அச்சடித்த தமிழ் நின்றுபோனது. யோசித்தார். "முட்டுக்குக் கீழ வீக்கம் எறங்குமா? எறங்கும். ரெண்டு நாள் போனா எறங்கும். செரி, ஞாயித்துக்கிழமை பூதப்பாண்டியில பெரிய கூட்டம். சனிக்கிழமை சாயங்காலம் நான் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்யறேன். வெளிய வந்ததும் எண்ணெய் போட்டு நீவிப்போடப்படாது, கேட்டியளா?"

"இன்னைக்கே வெளிய எடுத்தா என்னய்யா?"

"இன்னைக்கு எடுத்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆறிப்போயிருமே, அம்மா!"

செல்லக்கனி எழுந்தாள். முக்காலியைப் பழையபடி சுவரோரம் நகர்த்தி வைத்தாள்.

"உங்களுக்காகத்தானே நான் போராடுகிறேன்?" என்றார் வக்கீல்.

"ஆமய்யா. ஒங்க போராட்டம் ஆறாம இருக்கட்டு," என்றாள்.

வண்டி திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாக்குக்குள்ளிருந்து சாயிபு கேட்டார்: "என்ன சொன்னாவ?"

"ஒருத்தருக்கு அவுக உள்ள கெடக்கணும். இன்னொருத்தருக்கு அவுக புண்ணு ஆறப்படாது."

"ரெண்டு பேருக்கும் கட்சி வேறதான்," என்றார் சாயிபு. "ஆனா உலக்கை ஒண்ணு."

அவள் நுகத்தடியில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் வந்ததும் இறங்கி, "சாயிபு, எனக்கு ரெண்டு பேரு கெடச்சாச்சு," என்றாள்.

மறுநாள் சோறு கொண்டுபோனபோது பகவதியப்பனுக்குக் காய்ச்சல். உதடு காய்ந்திருந்தது. கஞ்சியில் காந்தாரி மிளகாயை நசுக்கிப்போட்டு, கரண்டியால் கொடுத்தாள்.

"பேரு கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன்." குனிந்து காதில் சொன்னாள்.

அவன் விழித்துப் பார்த்தான். "ஏட்டி, அவுக பெரிய ஆளுவல்லா? அடி தாங்குவாவளா?"

"தாங்குவாவ. நல்ல தின்ன ஒடம்பு."

அன்று சாயங்காலம் விசாரணை நடந்தது. யார் சொல்லி வைத்தாய் என்று கேட்டதும், உலக்கையைக் கண்ணால் காணும் முன்னாலேயே பகவதியப்பன், "குடைப் பெட்டி நாராயணபெருமாள் மொதலாளி," என்றான். இன்ஸ்பெக்டருக்கு எழுதிய கை நின்றது. இது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று உலக்கையைத் தொடைமேல் வைக்கச் சொன்னார். உலக்கை உருண்டதும் யூஜின் வக்கீல் பேரும் வந்து சேர்ந்தது.

"ரெண்டு பேருமாலே?"

"ரெண்டு பேருந்தான் ஏமானே. மழையில்லா, ஒரே குடையில வந்தாவ."

இன்னும் உருட்டச் சொன்னார். குடைக்கு வெள்ளிப் பிடி என்ற தகவல் கிடைத்தது. இன்னும் உருட்டியபோது, இருவரும் பாலத்தில் உட்கார்ந்து ஒரே இலையில் வெற்றிலை போட்டதும், மந்திரி செத்த பிறகு யார் மந்திரியாவது என்று சண்டை போட்டதும் வெளிவந்தன. எவ்வளவு உருட்டினார்களோ அவ்வளவு உண்மை. இன்ஸ்பெக்டர் வியர்த்துப்போய், "நிறுத்துங்கலே," என்று கத்தினார். அந்த டேஷனில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. போலீஸ்காரர்களுக்கு அர்த்தம் புரியாமல் இன்னும் கொஞ்சம் உருட்டினார்கள்.

ஒரு பேர் மட்டும் வந்திருந்தால் இன்ஸ்பெக்டருக்கு யோகம். தோற்கிறவன் பேராகப் பார்த்து மேலே அனுப்பியிருக்கலாம். இரண்டும் வந்துவிட்டதால் யார் ஜெயித்தாலும் அவருடைய தொப்பி போய்விடும். விஷயத்தை அவரே இரண்டு இடத்துக்கும் சொல்லியனுப்பினார். அதுவரை டேஷன் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத இரண்டு பெரிய மனிதர்களும் மறுநாள் காலை ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். செல்லக்கனி தூக்குவாளியோடு வராந்தாவில் நின்றாள். உள்ளே பேசியது தெருவரைக்கும் கேட்டது.

"இன்ஸ்பெக்டரே, நான் அடிய நம்புகவன்," என்றார் நாராயணபெருமாள். "அடிச்சா உண்மை வரும்னு நான் இன்னைக்கா சொல்லுகேன்? வக்கீல் பேரு வந்திருக்குல்லா, அது உண்மை. என் பேரு, பாவம், பய பயந்துபோயி ஒளறினது."

"சட்டம் அப்படிச் சொல்லவில்லை," என்றார் யூஜின் வக்கீல். "அடித்து வாங்கின வாக்குமூலம் குப்பை. ஆகவே என் பேர் குப்பை. ஆனால் அடிக்கு முன்னால், தன் இஷ்டப்படி, ஒரு பேரைச் சொல்லியிருக்கிறானே, அதைக் கோர்ட் ஏற்கும்."

"அப்பம் மொதல் பேரு உலக்கைக்கு முன்னால, ரெண்டாம் பேரு உலக்கைக்குப் பொறவா?" என்று ஏட்டு கேட்டார். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீ சும்மா இருடே!" என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் சொன்னது.

ஆக, கதினாக்காரன் சொன்னதில் பாதி சத்தியம், பாதி பொய் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். எந்தப் பாதி என்பதில்தான் கொள்கை வேறுபாடு. உச்சிவரை பேசினார்கள். பாதியாக ஒரு சதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. அதனால் சதியே நடக்கவில்லை என்று முடிவானது. பகவதியப்பன் மழைக்கு ஒதுங்கி டேஷனில் நின்றவன். பூதலிங்கம் இன்ஸ்பெக்டருக்குச் சவரம் செய்ய வந்தவன். மழையும் விட்டது, சவரமும் முடிந்தது, இருவரும் போகலாம்.

போக முடியவில்லை. பகவதியப்பனை ஏட்டும் இன்னொருவரும் தூக்கிவந்து மைதீன் கனியின் வண்டியில் சாக்குகளின் மேல் கிடத்தினார்கள். இம்முறை சாயிபு வெளியே நின்றார். ஏட்டு மறுபடி உள்ளே போய் உலக்கையை எடுத்துவந்து, துடைத்து, வண்டியின் ஓரத்தில் சாய்த்தார். செல்லக்கனி அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வச்சுக்கிடுங்கோ ஏமானே. இதுல இடிச்ச அவல இனி யாருக்குத் திங்கக் கொடுக்க?"

அந்த வாரம் ஊரில் நடந்த கூட்டங்களைக் கேட்டவர்கள் பாக்கியசாலிகள். நாராயணபெருமாள் மேடையில் கண் கலங்கினார். "மக்களே, தொடையில உலக்கைய உருட்டினா நான்கூடத்தான் எதையும் சொல்லுவேன்! அடி வாங்குகவன் வார்த்தைய நம்பப்படாது!" என்றார். யூஜின் வக்கீல், "மனித மாண்பு பெரிதுதான், ஆனால் நாட்டின் பாதுகாப்பு என்று வரும்போது, சில பெரிய இடங்களையும் விசாரிக்க நேரலாம், கடுமையாகவே விசாரிக்க நேரலாம்," என்றார். இரண்டு பேரும் பேச்சை மாற்றிப் படிக்கிறார்கள் என்பது மைதீன் கனிக்கு மட்டும் பட்டது. மற்றவர்கள் வழக்கம்போல் இரண்டுக்கும் கைதட்டினார்கள்.

பகவதியப்பன் வீட்டில் படுத்திருந்தான். வர்ம வைத்தியம் தெரிந்த ஆசான் வந்து காலையும் மாலையும் தைலமிட்டு நீவினார். வீக்கம் இறங்கி, கால் மடங்கி, சுவரைப் பிடித்து நிற்கும் அளவுக்கு வந்தது. சோறும் இறங்கியது. அவல் சட்டி காயும்போது பக்கத்தில் உட்கார்ந்து நெல்லைத் துழாவிக்கொடுத்தான். ஆனால் கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

தை பிறந்து சில நாளில் பெட்டிகளைத் திறந்தார்கள். நாராயணபெருமாள் ஜெயித்தார். பெட்டிகளில் ஓட்டுச்சீட்டோடு சேர்ந்து துளசியும், வெற்றிலையும், ஒரு பாதித் தேங்காயும் கிடந்தன என்று கேள்வி. யாரை எதற்காகக் கும்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

வெற்றி ஊர்வலத்துக்குக் கதினா வேண்டுமென்று ஆள் வந்தபோது, செல்லக்கனி வாசலுக்கு வந்து, "கதினாக்காரன் இல்ல," என்றாள். "உள்ள இருக்காரே?" என்றான் வந்தவன். "அது வேற ஆளு," என்றாள். அவர்கள் இரணியலிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள்.

பின்மதியம். வெயில் நன்றாக அடித்தது. ஊர்வலம் குளத்தங்கரையில் வந்து நின்றதும் முதல் வெடி கிளம்பியது. மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

பகவதியப்பன் கையிலிருந்த துழாவியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "நாராயணபெருமாள்," என்றான்.

அடுத்த வெடி. "யூஜின் வக்கீல்."

செல்லக்கனி ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல. வெளிய வெடி போடுகானுவ. ஒங்க தொழில்லா? ஒங்களுக்குத் தெரியாததா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. தெருக்கதவைப் பார்த்தான். வெடித்தது. "மைதீன் கனி, கோட்டாறு." வெடித்தது. செத்துப்போன தகப்பன் பேரைச் சொன்னான். டேஷனில் பல்லைக் கடித்து வைத்திருந்த பேர்களெல்லாம், கேட்க யாரும் இல்லாத அடுக்களையில், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. களை பறிக்கிறவர்கள் பேர், பக்கத்து வீட்டுக்காரர்கள் பேர், ஆசான் பேர். பிறகு, "செல்லக்கனி," என்றான். கைகூப்பிக்கொண்டு சொன்னான்.

தெருவில் கொட்டு முழங்கியது. நாட்டின் பாதுகாப்பு மாலையும் கழுத்துமாகக் கும்பிட்டுக்கொண்டு வீட்டு வாசலைக் கடந்து போனது. அடுத்த வெடிக்குப் பகவதியப்பனிடம் பேர் இல்லை. வாய் திறந்து திறந்து மூடியது. தொடை இரண்டும் தாமாக நடுங்கின.

செல்லக்கனி அவன் தலையை மடியில் சேர்த்து, குனிந்து, அவன் காதில் ஒரு பேரைச் சொன்னாள். அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தப் பேரில் யாரும் பிறந்ததில்லை.

அவன் அதைத் திருப்பிச் சொன்னான். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

மறுபடி வெடித்தது. அவள் இன்னொரு பேர் கொடுத்தாள். அதற்கு ஒரு தகப்பன் பேரும் சேர்த்துக் கொடுத்தாள். அடுப்பில் நெல் கருகிக்கொண்டிருந்தது. ஊர்வலம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை, உலகத்தில் இல்லாத மனிதர்களை அவள் ஒவ்வொருவராகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.